முப்பதாம் நாள்

உச்சிப்புளி. சோழகக் காற்று
கொட்டகைத் தகரத்தை உலுக்குகிறது.
மூன்றே துளைகள், புளியங்கொட்டை அகலம்.
திரையில் வாய்க்கால்போல் ஓடிய சிறுநீர்க்குழாய்
நிஜத்தில் வைக்கோல் தாள் பருமன்.
வெட்டிய நீளத்துக்கு ஈடாக
அதன் பையிலேயே ஒரு பட்டை கீறிச்
சுருட்டித் தைத்தேன்.
ஒன்பதாம் தையலில் கை நடுங்கியது.
அதையும் குறிப்பேட்டில் எழுதினேன்.

நான்காம் நாள் விடியலில்
நானும் மயக்க மருத்துவர் ஜொகராவும்
தீனி வைக்கும் சந்தியாகும்
வேலியோரம்
மழை பார்க்கும் சம்சாரிகள்போல் நின்றோம்,
ஒரு பன்றியின் மூத்திரத்துக்காக.

பெய்தது.
மணலில் நுரை. ரத்தமில்லை.
மற்றச் சிறுநீரகம் நன்றாயிருக்கிறது,
இது சான்றாகாது,
தெரியும்.
ஆனாலும் ஜொகரா சிரித்துவிட்டார்.

கல் அடைத்துக் குழாய் சுருங்கிய
உப்பளத்து ராக்கு
தேதி கேட்டு இரண்டுமுறை போன் செய்துவிட்டாள்.

"ஆறிடுச்சுன்னா விட்ருவீங்களா டாக்டர்?"
சந்தியாகு கேட்டார்.

முப்பதாம் நாள் என்று
படிவத்தில் இருக்கிறது.
ஆறியதா என்று
திறந்து பார்த்தால்தான் தெரியும்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தொட்டியில்
இன்னொரு அகப்பைக் கஞ்சி ஊற்றினார்.
அளவுக்கு மேல்.
நான் எழுதவில்லை.