சீப்பு உள்ளே இருக்கா?

குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று
எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி:
தார்வோ, சீப்பு உள்ளே இருக்கா?

அப்பாவும் கேட்பார்.
முப்பத்தைந்திலேயே முழு வழுக்கையான அப்பா
இரவு பதினொன்றரைக்குச் சீப்பு கேட்பார்.
உள்ளிருந்து "இல்ல" என்று குரல் வந்தால்
தம்பி மூச்சு விடுகிறான்.
"இரு, பாக்குறேன்" என்று இழுத்தால்
இன்னும் ஐந்து நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும்.
ஒன்றுமே வராவிட்டால்?
அதற்காகத்தான் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை
தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்தார்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கிவியோலி என்றால் கல்லெண்ணெய்.
கல்லை வேகவைத்து எண்ணெய் எடுத்த சாம்பல்
ஊருக்குப் பக்கத்தில் மலையாகக் கிடக்கிறது.
பனி விழுந்தால் அதன்மேல் சறுக்குவதற்கு
தாலினிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.
பன்னிரண்டு வயதில் தார்வோ
இரண்டு கையையும் விரித்தபடி அதில் இறங்குவான்.
கீழே நிற்கும் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள்.

இப்போது மூடுவதில்லை.
தூங்கும்போதுகூட.

தேக்கரண்டிகள் குறைந்தன.
அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சனிக்கிழமைச் சந்தையில் ஒற்றை ஒற்றையாக வாங்கிவந்தாள்.
ஒன்றின் பிடியில் கப்பல், ஒன்றில் யாரோ ஒருத்தியின் பெயர்.
விருந்தாளி வந்தால்
"பழைய சாமான் சேர்க்கிறேன்" என்பாள்.
பொய் சொன்னால் காது சிவக்கும் மாய்மு
அதை மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அப்பாவின் துளைபோடும் எந்திரம்
மூன்று முறை அடகுக்கடைக்குப் போனது.
மூன்று முறையும் அவரே மீட்டார்.
நான்காம் முறை கடைக்கார லெம்பித் போன் செய்தார்:
"கல்யு, உன் சாமான் வந்திருக்கு.
ஜன்னல்ல வைக்கல. மெதுவா வா."
அன்றைக்குத்தான் அப்பா அழுதார்.
தம்பிக்காக அழாதவர்
ஒரு கடைக்காரன் மரியாதைக்கு அழுதார்.

நான்?
என் கோட்டுப் பையில், உதட்டுச் சாயத்துக்குப் பக்கத்தில்
மூக்கில் பீய்ச்சும் மருந்துக் குப்பி.
பஸ்ஸில் தொட்டுப் பார்ப்பேன்,
கல்யாண விருந்தில் தொட்டுப் பார்ப்பேன்.
"எந்நேரமும் சளியா உனக்கு?" என்று கேட்டவன்
மார்ச்சுக்குப் பிறகு வரவில்லை.

நவம்பரில் ஒரு முறை அந்தக் குப்பி பயன்பட்டது.
அதை எழுதமாட்டேன்.
அதற்கப்புறம் நீல நிறத்தில்
ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை, அவ்வளவுதான்.

இதை எழுதுகிறேன்:
செத்துவிட்டால் எல்லோரும் தூங்கலாம் என்று
ஒரு காலை நினைத்தேன்.
பல் துலக்கும்போது, மிகச் சாதாரணமாக,
பால் வாங்க வேண்டும் என்று நினைப்பதைப்போல.
துப்பினேன். கொப்பளித்தேன்.
வேலைக்குப் போனேன்.

இப்போது ஏழு மாதம்.
தினமும் காலையில் மருந்தகத்துக்குப் போய்
நர்ஸ் பார்க்க ஒரு சின்னக் கோப்பையைக் குடித்துவிட்டு வருகிறான்.
கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது.
நம்பலாமா என்று
எங்களில் ஒருவரும் மற்றவரைக் கேட்டதில்லை.
கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

நேற்று குளியலறையில் அம்மா.
குழாய் ஓடிக்கொண்டே இருந்தது,
குளிக்கிற சத்தம் மட்டும் இல்லை.
தார்வோ வந்து கதவுக்கு வெளியே நின்றான்.
கால் மாற்றி நின்றான்.
தாழ்ப்பாள் இருந்த ஓட்டைகளில்
ஒன்றை விரலால் அடைத்தான், எடுத்தான்.
"அம்மா,
சீப்பு உள்ளே இருக்கா?"

அப்படியானால் தெரிந்திருக்கிறது அவனுக்கு.
எத்தனை வருஷமாக?

தண்ணீர் நின்றது.
"இருக்கு" என்றாள்.
கதவைத் திறக்கவில்லை.
அவனும் போகவில்லை.

சமையலறையில் நான் தேக்கரண்டிகளை எண்ணினேன்.
பதினொன்று.
சரியாக இருந்தது.
இன்னொரு முறை எண்ணினேன்.