நானூறு மில்லிசெக்கன்

"திங்கள் காலமை மட்டும்தான் பிள்ளை"
என்றா குருநகரிலிருந்து டெலினா ரீச்சர்.
"செவ்வாயிலிருந்து ஒரு கரைச்சலும் இல்லை."
ஏழு கணினி. ஏழும் ஏதோ வங்கி கழித்துவிட்டவை.
பெட்டி உறுமுகிறது, விசைப்பலகையில் பச்சை மினுங்குகிறது,
திரை மட்டும் அடுப்புக்கரி.

உப்புக்காற்று என்றேன்.
இந்தக் கரையில் எந்தப் பழுதையும் உப்பின் தலையில் கட்டலாம்,
படலைப் பிணைச்சல், சைக்கிள் செயின், தண்ணீர் மோட்டர்.
உப்புக்குக் கிழமை தெரியாதே என்று
போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

நான் டிரைவர் திருத்துகிறவள்.
கொக்குவிலில் வீட்டுக்காரர் இன்னமும் மினிபஸ் என்றே நினைக்கிறார்;
ஒருநாள் பிரேக் சத்தம் ஒன்றைப் பற்றி விசாரித்தார்.
இது வேறு. படத்தைத் திரைக்கு ஏற்றிப்போகிற நிரல்.
மூடி கிடையாது. உலகத்தில் எவரும் உள்ளே பார்க்கலாம்,
திருத்தலாம்,
திருத்தியதற்குப் பேச்சும் வாங்கலாம்.

ரீச்சர் அனுப்பிய பதிவு நாலாயிரத்துச் சொச்சம் வரி.
கீழே பேக்கரியில் பாண் இறக்கும் நேரம்வரை படித்தேன்.
கம்பியில் மின்னழுத்தம் எழும்புகிறது: ஆரோ வந்திருக்கினம்.
டிரைவர் கேட்கிறது: பேர் என்ன, அகலம் என்ன, எத்தனை நிறம்?
நூற்றிருபத்தெட்டு பைட்டில் திரை பதில் சொல்லவேண்டும்.
பதிலில்லை.
கேட்கிறது. பதிலில்லை.
நாலாம் தரமும் கேட்டுவிட்டு
'இணைப்பில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறது.
எல்லாம் ஒரு கண்வெட்டுக்குள், அதிலும் மிச்சம் வைத்து.

"கேபிளைப் பார்த்தீரா?"
பனி கொட்டும் ஊரிலிருந்து ஹென்ரிக், ஒரே வரி.
புதுக் கேபிளின் விலைச்சீட்டைப் படம்பிடித்து அனுப்பினேன்.
"வேறு கேபிள்?"

"அப்ப திங்களில வகுப்பை எப்பிடி நடத்துறியள்?"
இதைக் கேட்கத் தோன்ற எனக்கு மூன்று கிழமை எடுத்தது.
"அதோ? எங்கட ஆறாம் வகுப்பு ஜெனிற்றன்
வயரைப் பிடுங்கித் திருப்பிச் செருகுவான். வந்திடும்."

வந்திடும்.
அவன் பிடுங்கிச் செருகுவதற்குள் திரை முழித்துவிடுகிறது.
வெள்ளி பின்னேரம் மட்டும் மெயின் சுவிட்சை நிறுத்துவார்களாம்.
இரண்டு நாள் பசியில், உள்ளே வீங்கிய கொண்டென்சர்கள்.
வந்திட்டன் என்று கையைக் காட்டும் திரைக்கு
பேரைச் சொல்ல வாய் எழும்பாது.
படலையைச் சாத்திவிட்டு ஓடிவருகிறவரை விட்டுவிட்டு
எடுத்துக்கொண்டு போன பஸ், பார்த்தால், என்னுடையதுதான்.

அடுத்த திங்கள் ஆறரைக்கு
காவலாளி நித்திரைக் கண்ணோடு கதவு திறந்தார்.
ஒவ்வொன்றாய் மின்னைக் கொடுத்து அளந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு. நூற்றியெண்பத்தெட்டு.
முந்நூற்று நாற்பத்தொன்று, இருமல் மாதிரி ஒரு சத்தத்தோடு.
ஐந்தாவது வாயே திறக்கவில்லை.
கழற்றிப் பார்த்தால் முனைகளில் பச்சைக் களிம்பு.
அழிறப்பரால் தேய்த்தேன்.
ஏழில் ஒன்றாவது உப்புக்கு.

இரண்டு வரி அழித்து ஒன்பது வரி எழுதினேன்:
பதில் வராவிட்டால் நானூறு மில்லிசெக்கன் பொறு,
பிறகு இன்னொருக்கால் கேள்.
"ஏன் நானூறு? ஏன் ஐந்நூறு இல்லை?"
அட்டவணையை அனுப்பினேன்.
பழுதை அறிவித்தவர் என்ற இடத்தில் டெலினா ரீச்சர்.
சோதித்தவர் ஜெனிற்றன்;
அவனிடம் மின்னஞ்சல் இல்லை, ரீச்சருடையதையே போட்டேன்.
பதினொரு நாள் ஹென்ரிக் பேசவில்லை.
பிறகு: "பதினாலாம் வரியில் ஓர் இடைவெளி கூட."
அதுதான் சம்மதம் என்று பழகியவர்களுக்குத் தெரியும்.

போன திங்கள் போயிருந்தேன்.
ஏழு திரையும் தானாக, கொஞ்சம் யோசித்து, எரிந்தன.
ஜெனிற்றன் வந்தான், பையை வைத்தான்,
எரிந்துகொண்டிருந்த திரையின் வயரைப் பிடுங்கிச் செருகினான்.
"ஏன்டா?"
"சும்மா அக்கா."

கறுப்பு.
டிரைவர் முதலிலிருந்து கேட்கத் தொடங்கியது.