இடஞ்சுழி

சீட்டில் எழுதினார்கள்:
பூங்காவனம், முப்பத்தொன்று.
தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது.
சுற்றுவது என்றேன்.
மரணக்கிணறு. கொப்புடையம்மன் திருவிழாவுக்கு வந்திருக்கிறோம்,
பொட்டலில் மேற்கோரம், ராட்டினத்துக்குப் பின்னால்.

காதுவலி என்று போனவளை
செக்காலை ரோட்டு மாடியில்
நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார் டாக்டர் உமையாள்.
கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி.
அதற்குள்ளிருந்து என் முழியைப் பார்க்க
ஒரு குட்டிக் கேமரா.
இடப்பக்கம் சுற்றப்போகிறேன், பயப்படாதீங்க.
சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நாற்காலி நின்ற பிறகும்
முழி ஓடுமாம் எல்லாருக்கும்,
பிரேக் போட்ட பஸ்ஸில்
பையிலிருந்து உருண்ட எலுமிச்சம்பழம் மாதிரி.
அரை நிமிஷமாவது ஓடும்.
உங்களுக்கு ஏழு வினாடி என்றார்,
திரையை இன்னொருமுறை பார்த்துவிட்டு.

காதுக்குள் நீர் இன்னமும் அலம்புகிறது,
விழுகிறாய் விழுகிறாய் என்று கத்துகிறது.
பன்னிரண்டு வருசமாய்க் கேட்டுச் சலித்த மூளை
அதற்குக் காது கொடுப்பதில்லை,
பக்கத்துவீட்டுச் சண்டை.

சரி, இப்போது வலப்பக்கம்.

கண்ணாடியைக் கழற்றியபோது
தரையில் ஆத்தங்குடிப் பூக்கள்
கொடியோடு பிய்த்துக்கொண்டு ஓடின.
நாற்பத்தொரு வினாடி.
நர்ஸ் பேசினோடு வந்தாள்,
கொஞ்சம் தாமதமாக.

நாளைக்குப் பதினாறு ஆட்டம்.
ஆட்டத்துக்கு நாற்பது சுற்று.
இத்தனை வருசத்தில்
ஒரு சுற்றுகூட வலம் இல்லை.

அதனால்தானோ
எந்த ஊர்க் கோயிலிலும்
நவக்கிரகத்தை மூன்றாம் சுற்று வரும்போது
தூணைப் பிடிக்கிறேன்.
போன வாரம் ஒருத்தி
சாமி வந்துவிட்டது என்று
நெற்றி நிறைய விபூதி அப்பினாள்.
காலில் விழுந்து
மகன் பரீட்சையைப் பற்றிக் கேட்டாள்.
பாஸ் என்றேன்.
வேறு என்ன சொல்ல.

ராத்திரி கடைசி ஆட்டம் முடிந்து
மேலே சனம் கலைந்தபின்
வண்டியைக் கிணற்றுக்குள்
மறுபக்கம் திருப்பினேன்.
சரிவுப் பலகையில் பாதிச் சுற்று,
அவ்வளவுதான்.
பலகையெல்லாம் என்மேல் சரிந்தது.
முதல்நாள் எடுத்த அதே வாந்தி,
பத்தொன்பது வயசு வாந்தி.

மருதை டார்ச்சோடு ஓடிவந்தான்.
செயின் அறுந்துபோச்சா?
இல்லை.
பிரேக்கா?
வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:
வண்டியை எடுக்காதே.
அது பார்க்கிற பக்கமே
நிற்கட்டும்.