நட்சத்திரக் குறியிட்ட கேள்வி

நீடாமங்கலம் கேட் மூடினால்
எனக்கு வியாபாரம்.
அரிசி ஏற்றும் வேகன்களை
முன்னே தள்ளிப் பின்னே இழுத்து
இன்ஜின் ஒரு முடிவுக்கு வரும்வரை
தஞ்சாவூர் பஸ்ஸும் ஆம்புலன்சும்
வெள்ளரிப்பிஞ்சுக் கூடையும் ஒரே வரிசை.
அன்று அந்த வரிசையில்
கொடி கட்டிய வெள்ளைக் கார் ஒன்று.

கலியபெருமாள் இறங்கி ஓடிவந்தார்,
எம்எல்ஏவின் உதவியாளர்.
"கேட் திறக்கறதுக்குள்ள ஒரு பக்கம்
அடிச்சுக் குடும்மா."
காகிதத்தின் தலையில்
நெல் உலர்த்தும் மிஷின் கம்பெனியின் பெயர்.
"அதை மட்டும் விட்டுடு."

விட்டுவிட்டு அடித்தேன்.

உணவுத்துறை அமைச்சர் அவர்கள்
அன்புகூர்ந்து தெரிவிப்பார்களா:
அ. குறுவை நெல் ஈரப்பதம் மிகுந்து வருவதை
அரசு அறியுமா;
ஆ. அறியுமெனில், கொள்முதல் நிலையந்தோறும்
உலர்த்தும் இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்துவதைக்
கட்டாயமாக்க முன்வருமா;
இ. இல்லையெனில், காரணங்கள் யாவை?

இவ்வளவு பணிவாக நான்
என் மாமியாரிடம்கூடப் பேசியதில்லை.

கட்டாயம் என்ற இடத்தில் விரல் வைத்தார்.
"இது கொஞ்சம் உறுத்துது. வேற வார்த்தை இருக்கா?"
இருந்தது.
பதினோரு வருஷமாய் மனு அடிக்கிறேன்,
எல்லாவற்றுக்கும் என்னிடம் வேற வார்த்தை உண்டு.
பட்டாவில் அக்காள் பெயரை அமுக்கியதை
எழுத்துப்பிழை என்பேன்,
புருஷன் மண்டையை உடைத்ததைக்
கருத்து வேறுபாடு என்பேன்.
உறுதிசெய்ய முன்வருமா, என்று மாற்றினேன்.
"அதான் படிச்ச பிள்ளைங்கறது" என்றார்.

பிரிண்டர் இழுத்துக்கொண்டிருக்கையில்
போனில் யாரிடமோ சொன்னார்:
கேள்விக்கு மூணு.
பரிசீலிக்கப்படும்னு பதில் வந்தா அஞ்சு.
மூணு என்றால் எதில் மூணு என்று
விசாரிக்கிற ஊரில்லை இது.

கொள்முதல் நிலையத்தில்
மூட்டைக்கு நாற்பது வாங்குகிறார்கள்,
குழந்தைக்கும் தெரியும்.
வாங்குகிறவன் கழுத்தில் வேர்வை இருக்கும்,
நெல்லுச் சுணை ஏறிப்போய்
ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டிருப்பான்.
இந்தக் காசுக்கு
எந்தச் சுணையும் கிடையாது.

மணி அடித்தது. கேட் ஏறியது.
"நாளைக்குத் தரேம்மா" என்று ஓடினார்.
முப்பது ரூபாய்.

முதலில் அடித்துக் கழித்த தாள்
கூடையில் கிடந்தது.
என் கழிவுத்தாளைக் கொள்முதல் நிலைய வாட்ச்மேன்
வாரம் ஒருதரம் அள்ளிப்போவார்,
நாலாய்க் கிழித்தால் நாலு டோக்கன்.

ஐப்பசி மழையில் ஒருநாள்
அடங்கல் ஜெராக்ஸ் எடுக்க வந்தாள் தையல்நாயகி,
பூவனூரில் ரெண்டு மா குத்தகை.
பதினாலு நாளாய்ச் சாலையோரம் அவள் நெல்.
தார்ப்பாய்க்கு அடியில்
மூட்டைக்குள்ளேயே முளைவிட்டு
சாக்கின் கண்ணால் எட்டிப் பார்க்கிறதாம்.
சுருக்குப்பையிலிருந்து
டோக்கனை எடுத்து மேசையில் வைத்தாள்.
நூற்றுப் பன்னிரண்டு.

திருப்பினேன்.
என் எழுத்து.
ஈரப்பதம் மிகுந்து வருவதை
அரசு அறியுமா

"என்னா போட்டிருக்கு?"
படித்துக் காட்டினேன்.
"தெரியாமலா கேக்குறானுவோ?" என்றாள்.
பிறகு, அதே குரலில்,
"ரெண்டு காப்பி போதும்."

அடுத்த வாரம் பேப்பரில் வந்தது,
எட்டாம் பக்கம், ஆறு வரி:
உறுப்பினரின் கோரிக்கை பரிசீலிக்கப்படும்.
அஞ்சு, என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.
உறுதிசெய்ய என்ற சொல்
அச்சில் அழகாகத்தான் இருந்தது.

கார் இப்போதும் இந்த வழியாகத்தான் போகிறது.
கேட் மூடியிருந்தால் கண்ணாடியை இறக்கிக்
கலியபெருமாள் கும்பிடுவார்,
நானும் கும்பிடுவேன்.
கடன் நோட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது:
எம்எல்ஏ ஆபீஸ், ஒரு பக்கம்,
முப்பது, பாக்கி.

கேட்டால் கொடுத்துவிடுவார்.
அதனால்தான் கேட்கவில்லை.