இருபது கிலோவுக்குள் எல்லாம் சில்லறை

புந்தா அரேனாஸ் துறைமுக வாசலில்
லாரி நிறுக்கும் எடைமேடை.
இரவு வேலை எங்கள் இருவருக்கும்.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்,
கீழே நின்று சக்கரம் பார்க்கிறவர் எலியோதோரோ.

மே மாதம் மருத்துவமனையில் அவர் ஏறி நின்றதும்
முள் கடைசிவரை ஓடி
அதற்குமேல் போக இடமில்லாமல் நடுங்கியதாம்.
"நூற்று முப்பதுக்கு மேல் இதற்குத் தெரியாது.
நடங்கள். தினமும் நடங்கள்,
முட்டி இன்னும் உங்கள் பேச்சைக் கேட்கும்போதே"
என்றாளாம் செவிலி.

அறுபது டன் தாங்குகிற மேடை
இங்கே சும்மாதானே கிடக்கிறது என்று
அதிகாலை மூன்று மணிக்கு
அதன் நடுவில் போய் நின்றார்.
கம்பளிப் பொதி ஏற்றிய வண்டிகள் நிற்கும் இடத்தில்
ஒற்றை ஆள், கைகளைத் தொங்கவிட்டபடி.
நூற்று நாற்பது, என்றேன் மைக்கில்.

இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும் அந்த மேடைக்கு.
நூற்று முப்பத்தொன்றும் அதற்கு நூற்று நாற்பது,
நூற்று நாற்பத்தொன்பதும் நூற்று நாற்பது.
இடையில் இருப்பதெல்லாம் சில்லறை.

நடக்கத் தொடங்கினார்.
வேலை முடிந்து, எட்டு மணி இருட்டில்,
ஜலசந்தியை ஒட்டிய சாலையில்
பழைய மரத்துறையின் நீர்க்காகங்கள் வரை.
ஜூனில் பனி வழுக்கியது. இரண்டு முறை விழுந்தார்.
யாருக்கும் சொந்தமில்லாத நாய் ஒன்று கூடவே போனது.
ஆகஸ்டுக்குள் நாய் இளைத்துவிட்டது.
"என் பங்கையும் சேர்த்து இதுவே குறைத்துக்கொண்டது" என்றார்.

அக்டோபரில் காற்று வந்தது.
போகும்போது முதுகில்; அது நடையே இல்லை, சவாரி.
திரும்பும்போதுதான் கணக்கு:
ஓரடி வைத்தால் அரையடி வட்டி.
விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிறவரைப் பார்த்துப்
பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள்.
சிரித்து முடிக்குமுன் அவர்களும்
அடுத்த கம்பத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் மேடை.
நூற்று நாற்பது.
ரொட்டியை விட்டார். நூற்று நாற்பது.
ஞாயிறன்று மைத்துனன் வீட்டில் முழு ஆடு தீயில் சுழல,
முதுகைக் காட்டி உட்கார்ந்து தக்காளி தின்றார்.
நூற்று நாற்பது.

ஒரு வெள்ளி, வலது குதிகால் மட்டும்
மேடைக்கு வெளியே இருந்தது.
பாரம் கூடிய ஓட்டுநர்கள் பின்சக்கரத்தை
இப்படித்தான் விளிம்பில் விடுவார்கள்.
பதினேழு வருடமாய் அவர்களைப் பிடித்துத் திட்டுகிறவர் இவர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவராகவே காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நானும் ஒன்றும் யோக்கியமில்லை.
நூற்று இருபது என்று
உதடு வரை வந்திருக்கிறது எனக்கு.
அவர் நிற்கும் இடத்திலிருந்து எண் தெரியாது.
மைக்கை அழுத்துவேன், விடுவேன்.
என் மூச்சு மட்டும் போய்ச் சேரும் அவருக்கு.

நவம்பர் கடைசி. குளிர் குறைந்த இரவு.
எண் ஒருமுறை இமைத்தது.
சொன்னேன்.
பொய் சொல்லாதே, என்று கத்திக்கொண்டே
படி ஏறி ஓடி வந்து
கண்ணாடியில் மூக்கு நசுங்கப் பார்த்தார்.
ஆளில்லாத மேடை சுழியம் காட்டிக்கொண்டிருந்தது.

பிறகுதான் கவனித்தார்,
கோட்டை என் கூண்டின் ஆணியில் மாட்டியிருப்பதை.
போட்டுக்கொண்டு போய் நின்றார். நூற்று நாற்பது.
கழற்றிக் கீழே எறிந்தார். நூற்று இருபது.
மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார்.
நாய் கோட்டின் மேல் படுத்துக்கொண்டது.

வாசலில் நிபால்டோவின் லாரி,
கண்டெய்னரோடு, ஹாரன் அடித்துக்கொண்டே.
மைக்கை அழுத்தினேன்:
கொஞ்சம் பொறு,
நிறுத்துக்கொண்டிருக்கிறோம்.