சும்மா இருக்கும் கால்

ஸ்வான்சீயில் தட்டையான தெருக்களைக்
கடல் எடுத்துக்கொண்டது போலும்.
எங்களுக்கு மிஞ்சியதெல்லாம் ஏற்றம்.
ஏற்றத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு,
விளக்கடியில் நான்,
முப்பத்தொன்பது வயது, கூரைமேல் எல் பலகை,
பின்னால் ஒட்டியபடி ரொட்டி வண்டி.

கிளட்சை மெல்ல விடுங்க, என்கிறான் யெஸ்டின்.
இருபத்து நான்கு வயது, நல்ல பையன், காதிடுக்கில் பென்சில்.
ஓரிடத்தில் பிடிக்கும் பாருங்க,
பிடிச்சா உங்களுக்கே தெரியும்.
தெரியவில்லை.
அதற்கு என்னைப் பிடிக்கவில்லை.
ஒருமுறை விக்கி
அணைந்தது இன்ஜின்.
விளக்கு பச்சையாகி, மஞ்சளாகி, மறுபடி சிவந்தது.

கதவு எவ்வளவு அகலம் என்று
எல்லார் தோளுக்கும் தெரிந்திருக்கிறது.
என் இடுப்பில் எப்போதும் ஒரு நீலக் கன்றல்,
எந்தக் கதவு என்று நினைவிருக்காது.
தேநீர்க் கோப்பையோடு நடக்கும்போது பேசமாட்டேன்.
முப்பத்து மூன்று வயதில் இதற்குப் பெயர் சொன்னார்கள்:
டிஸ்பிராக்சியா.
பெயர் கிடைத்த மாலையும்
மாடிப்படி முடிந்துவிட்டதென்று நான் நினைத்த இடத்தில்
இன்னொரு படி இருந்தது.

மற்றவர்களுக்குள் ஒரு குமாஸ்தா இருக்கிறார்.
கேட்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்.
என்னிடம் எல்லாக் காகிதமும் மேசைக்கு வரும்:
இரண்டாம் கியர் எங்கே என்று கை கேட்கும்,
கைக்குப் பதில் எழுதுவதற்குள் கால் கேட்கும்,
காலைக் கவனிப்பதற்குள்
கண்ணாடியில் ஒரு சைக்கிள்.

நாற்பத்தோரு வகுப்பு. இரண்டு தேர்வு.
இரண்டாவதில் தேர்வாளர் கைப்பிரேக்கை அவரே இழுத்தார்.

ஆட்டோமேட்டிக்கா, என்று சிரித்தான் என் தம்பி எம்ரிஸ்,
அது ஓட்டுறது இல்லக்கா, உட்கார்ந்திருக்கிறது.
அவன் வீட்டுத் தட்டைக் கழுவுவது மெஷின்.
தட்டு பொய்யா?
இதை அன்றைக்குச் சொல்ல வரவில்லை,
எனக்கு எதுவும் அந்த நேரத்தில் வராது.

ருக்ஸானாவின் காரில் இரண்டே மிதிகள்.
இல்லாத மூன்றாவதைத் தேடி
என் இடக்கால் ஓங்கி மிதித்தது பிரேக்கை.
இருவரும் முன்னால் போய் வந்தோம்.
அவள் மூக்குக்கண்ணாடியைக் குனிந்து எடுத்துக்கொண்டு சொன்னாள்:
அந்தக் காலைச் சும்மா இருக்கச் சொல்லு.
சொன்னேன். மூன்று வாரம் சொன்னேன்.
இடம், வலம் என்று அவள் பேசுவதே இல்லை.
உன் பக்கம். என் பக்கம்.
அவ்வளவுதான்.

ஒன்றை மறைக்க வேண்டாம்.
கம்பளக் கடைக்குப் பின்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை,
காலி மைதானத்தில்
ஒரே ஒருமுறை மூன்றாம் கியர் விழுந்தது,
கையும் காலும் பேசிவைத்துக்கொண்டதைப் போல.
அந்தச் சத்தத்தை அங்கேயே விட்டுவந்தேன்.
இன்னும் யாராவது கியர் மாற்றினால்
திரும்பிப் பார்ப்பேன்.

உரிமத்தின் பின்புறம் பொடி எழுத்தில்: 78.
இவளிடம் கிளட்ச் கொடுக்காதீர்கள் என்று
அரசாங்கம் இரண்டு இலக்கத்தில் சொல்லியிருக்கிறது.
சரி.

காலை நாலே முக்கால். மழை.
ஐந்தரை ஷிஃப்டுக்கு இந்த ஊரில் பேருந்து கிடையாது,
இத்தனையும் அதற்காகத்தான்.
ரவுண்டானாவை நெருங்கும்போது
வழிசொல்லும் குரல் 'இடது' என்றது.
இடது எது?
பக்கத்து சீட்டில் ருக்ஸானா இல்லை.
நேற்று வாங்கி, இறக்க மறந்த
ஒரு வலைப்பை வெங்காயம்
பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தது.

வெங்காயத்தின் பக்கம், என்றேன் சத்தமாக.
கார் திரும்பியது.
வெங்காயம் கொஞ்சம் சரிந்தது.