மண்ணெண்ணெய்ச் சோதனை

பேரின்பநாதன் கொண்டுவந்த ரலிக்கு
அறுபது வயசிருக்கும்.
"ஒண்டுமில்லைப் பிள்ளை, மினுக்கித் தந்தால் காணும்.
கொழும்பிலயிருந்து ஒரு ஆள் வாங்க வாறார்."

சட்டத்தைக் கயிற்றில் தூக்கி
ஐந்து ரூபாய்க் குத்தியால் தட்டினேன்.
மேல்குழாய் மணிபோலச் சொன்னது.
கீழ்க்குழாய், தலைப்பொருத்துக்குக் கிட்ட,
தடிமன் பிடித்தவன் மாதிரி.
அவருக்கு அது கேட்கவில்லை.
கேட்க விருப்பமில்லை என்றும் சொல்லலாம்.

மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் நனைத்து
ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் விட்டு
காயத் துடைத்து
வெண்கட்டித் தூள் பூசினேன்.
ஒட்டுசுட்டான் றோட்டால் மணல் டிப்பர் ஒன்று போனது.
தூள் கொஞ்சம் உதிர்ந்தது.
பிறகு, ஒருவரும் கீறாமலே
வெள்ளையில் ஒரு கோடு ஊறியது.
மயிரளவு தடிப்பு, நகத்தளவு நீளம்,
பழைய பித்தளை ஒன்றின் கரையிலிருந்து.

எனக்கு முந்தி யாரோ ஒட்டியிருக்கிறான்.
அவசரமாக, காற்றை அதிகம் திறந்துவிட்டு,
ஆனால் கை தெரிந்தவன்.
எந்த இடப்பெயர்வின் நடுவில், எந்த மரத்தின் கீழ்?
பழைய இரும்புக் கடையில் வாங்கியதென்று மட்டும்
பேரின்பநாதன் சொன்னார்.

"பட்டி வைச்சுப் பெயின்ற் அடி. ஆர் பாக்கப்போறான்?"

வெடிப்பின் நுனி கூரானது.
பாரம் முழுக்க அங்கேதான் போய்க் குத்தும்.
அதனால் கோடு முடிகிற இடத்தில்
இரண்டு மில்லிமீற்றர்த் துளை போட்டேன்.
மனுசன் தலையில் கைவைத்தார்.
"உடைஞ்சதுக்கு ஓட்டையும் போடுறியோ!"
ஓம். வட்டத்துக்குள் வந்தால் அது
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும்.
பொறியியல் எனக்கு இவ்வளவுதான்.

வெண்காரம். நெருப்பு.
குழாய் மங்கிச் சிவந்ததும்
பித்தளை தண்ணியாகித்
தானே இடுக்கைத் தேடிப் போனது.
பச்சைப் பெயின்ற் அடித்தேன், பட்டி வைக்கவில்லை.
விரலால் தடவினால் தெரியும்.
"கேட்டால் சொல்லுங்கோ" என்றேன்.
ஆயிரத்து எண்ணூறு கேட்டேன்,
இருநூறு குறைத்துத் தந்தார்.

கொழும்புக்காரர் வந்தாராம்.
கையுறை போட்டுப் பார்த்தாராம்.
ஒட்டில் விரலே படவில்லையாம்.
மணி இந்தியச் சாமான் என்று
வேண்டாமென்று போய்விட்டாராம்.

இப்போது அதில்
இரண்டு தவிட்டு மூட்டை ஏற்றி
முத்தையன்கட்டுப் பக்கம் போகிறார்.
கடையைக் கடக்கையில் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை,
காதை மட்டும் கொடுக்கிறேன்.
முதல் கிடங்கு.
பிறகு மதகடிக் கிடங்கு, அது பெரியது.
மணி மட்டும்தான் கிலுங்குகிறது.